மூன்றாம் அறை அம்மா

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அம்மா வாயில் அதக்கியிருக்கும் இருமல் மிட்டாயைத் துப்பிக் காகிதத்தில் சுருட்டி வைத்துவிடுவார். தொண்டை காய்ந்தாலும் பரவாயில்லை. "மகன் செத்த சேதியக் கேக்கறப்ப வாய்ல இனிப்பு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்பார். அப்புறம் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "வாங்க" என்று குரல் கொடுப்பார். உள்ளே வருவது டாக்டராகப் போகும் பிள்ளை. அதற்கு எட்டு நிமிஷம். பைக் விபத்தில் அடிபட்ட இருபத்தேழு வயது மகன் ஆபரேஷனில் இறந்துவிட்டான் என்பதை, மணி அடிப்பதற்குள் இந்த அம்மாவிடம் முறையாகச் சொல்லி முடிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியின் கடைசி வருஷப் பரீட்சையில் இதற்கென்றே தனி மதிப்பெண் உண்டு.

அறுபத்தொரு வயதில் நடிகையானவர். முதல் அறையில் நெஞ்சுவலி அண்ணன், இரண்டாவதில் தலைசுற்றல் அக்கா, மூன்றாவதில் இவர். நோயாளியாக நடிக்க வருகிறவர்கள் ஒருவரையொருவர் இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நெஞ்சுவலி அண்ணன் நாலு மாடியை மூச்சு வாங்காமல் ஏறி வருவார். இவருக்கு மட்டும் நோய் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு மகனைக் கொடுத்தார்கள், கொடுத்த கையோடு எடுத்துக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒன்பது தடவை.

அதற்கு முன் முப்பத்திரண்டு வருஷம் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். இடது முன்கையில் சூட்டுத் தழும்புகள் வரிவரியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில்கூட மேடை ஏறியதில்லை. அழத் தெரிந்த வயசானவர்கள் வேண்டுமாம் என்று கல்லூரிக்கு அழைத்துப் போனது அடுத்த வீட்டுப் பெண். ஆள் எடுத்தவர் பழைய மேடை நடிகர், மீசைக்கு மட்டும் மை பூசுகிறவர். அவரே டாக்டராக எதிரில் உட்கார்ந்து, "உங்க பையன் இறந்துட்டார்மா" என்றார். சுற்றியிருந்து குறிப்பெழுதியவர்களின் பேனாக்கள் நின்றுபோயின. இத்தனை வருஷமாக எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார் மேடை நடிகர். அது நடிப்பில்லை என்பது அவருக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை.

அம்மாவின் மகன் அதற்கு ஒரு வருஷம் முன்பு வேறொரு ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தான். அம்மா துண்டு வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால் கட்டிலில் ஆளில்லை. வார்டு ஊழியர் புது விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். "இந்த பெட் காலிம்மா. கீழ போய்க் கேளுங்க" என்றார். கீழே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். இறந்துவிட்டான் என்ற வார்த்தையை அன்று யாரும் அவரிடம் சொல்லவே இல்லை.

எதற்கு இந்த வேலை, பெத்த வயிறு பத்தி எரியாதா என்று மகள் சண்டை பிடித்தாள். "இங்க உக்காந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொல்றாங்கடி" என்றார் அம்மா.

மதிப்பெண் தாளில் ஒரு கேள்வி அம்மாவுக்கு மட்டும். இந்த டாக்டரிடம் மறுபடி பேசுவீர்களா? நின்றுகொண்டே சொன்னவனுக்கு இல்லை. கடிகாரத்தைப் பார்த்தவளுக்கு இல்லை. உட்காருவதற்கு முன்பே 'எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்' என்று ஆரம்பிக்கிறவனுக்கு அறவே இல்லை. இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மூன்றாம் அறை அம்மாவிடம் தேறினால் போதும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

போன மாதம் மகன் இறந்த நாள் வந்தது. மகள் அவன் புகைப்படத்தைத் துடைத்து மேஜையில் வைத்தாள், வைத்த மாத்திரத்தில் உடைந்துபோனாள். அம்மாவும் அழுதார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. "நல்லாப் பாத்தீங்களா டாக்டர்" என்று உதடு முணுமுணுத்தது. நாலு எண்ணும் நேரம் மௌனம். அப்புறம் இரண்டாவது அழுகை, முதலாவதைவிடக் கொஞ்சம் தணிந்து. மகள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கும்மா நடிக்கிற?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் தைத்தது.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் வேறொருவன் வந்து நிற்கிறான். தலையில் கட்டு, கையில் ஹெல்மெட், பரீட்சைக்காக அவரே மனசுக்குள் பெற்று வளர்த்த பையன். சொந்த மகனுக்குச் சைக்கிளே ஓட்ட வராது. படத்தைப் பார்த்தால் அவன் முகம் இருக்கிறது, இந்தப் பக்கம் திரும்பினால் போய்விடுகிறது.

மேடை நடிகரிடம் போய், முட்டிவலி கொடுங்கள், அது எனக்கு நிஜமாகவே இருக்கிறது என்று கெஞ்சிப் பார்த்தார். அவர் சிரித்துவிட்டார். "முட்டிவலிக்கு வரிசைல நிக்கறாங்கம்மா. அழறதுக்கு நீங்க ஒருத்தர்தான்" என்றார். எல்லாக் கல்லூரிகளிலும் காட்ட ஒரு படம் எடுக்கப்போவதாகவும், அதில் இவரையே போடுவதாக முடிவாகிவிட்டதென்றும் பெருமையாகச் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஏன் வேலையை விடவில்லை என்று மகள் கேட்டதற்கு, விட்டால் அந்த வார்த்தையைத் தனக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டாராம்.

போன வாரப் பரீட்சையில் ஆறாவதாக ஒரு பெண் வந்தாள். கோட்டுப் பையில் மசிக் கறை. நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் உரசும் அளவுக்குக் கிட்டத்தில் உட்கார்ந்து, வார்த்தையை மென்று முழுங்காமல் சொன்னாள். அம்மா அழுது ஓயும்வரை காத்திருந்தாள். அடுத்து மற்ற பிள்ளைகளெல்லாம் உடலை எப்போது தருவார்கள் என்று ஆரம்பிப்பார்கள். இவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரப் பத்தி ஏதாவது சொல்லுங்கம்மா. சின்ன வயசுல எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"பைக்குன்னா..." என்று தொடங்கிய அம்மா நிறுத்திக்கொண்டார். மறுபடி வாயைத் திறந்தார். சொந்த மகனின் முகம் வரவில்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அம்மா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தார். மூலையில் பரீட்சை நடத்துபவரின் மேஜையில் பைக் மகனின் கதை அச்சடித்த தாள் கிடந்தது. அதை எடுத்து, அவன் சின்ன வயசைத் தேடி மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.