கேட்காமல் எடுத்த குரல்

ராக் இசைக்காரர்களால் அரசியலை அசைக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் இருபது நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவேன். இப்போது பேச்சை மாற்றிவிடுகிறேன். முடியும் என்பதை என் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. எங்கள் பாட்டால் ஒரு கூரை வராமல் போனது. ஒரு பெண் தன் இடத்தைவிட்டு எழுந்து போக வேண்டியதாயிற்று.

நாங்கள் நான்கு பேர். டிரம்ஸ் வாசிப்பவனின் அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை. ஞாயிறு அங்கே மெஷின் ஓடாது, எங்கள் ஒத்திகை ஓடும். நான் கிடார். பாட்டு எழுதுவதும் நானே. இன்ஜினியரிங் முடித்த கையோடு, வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டு, உலகத்தைத் திருத்தக் கிளம்பியிருந்தேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் விற்பார்கள். எல்லாரும் ஒரே மீனவ ஊர். அங்கே கூரை போட்டுத் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொல்வார்கள். வரிசையில் மூன்றாவதாக உட்காரும் அக்காவிடம்தான் நாங்கள் வாடிக்கை. கணவர் இல்லை, ஒரே மகள்.

ஒரு மழைநாளில் சங்கரா மீன் வாங்கப் போனேன். தார்ப்பாய் கிழிந்து அவர் தோளில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மீனை அரிந்துகொண்டே, யாரிடம் என்றில்லாமல், ஜெயித்துப் போன எம்.எல்.ஏ.வைப் பற்றிப் பொரிந்து தள்ளினார்.

“ஓட்டு கேக்க வந்தப்ப கையைப் புடிச்சிகினு அக்கா அக்கான்னான். இப்ப கார் கண்ணாடிய எறக்க மாட்டேங்கறான். மீன் நாத்தமாம்! எங்க நாத்தம் புடிக்கல, எங்க ஓட்டு மட்டும் மணக்குதா?”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெசேஜ் பார்ப்பதுபோல் போனை நீட்டிப் பிடித்து, “அப்புறம் இன்னாக்கா சொன்னான்?” என்று மறுபடி கிளறிவிட்டேன். அவர் மறுபடி சொன்னார். முழுதும் பதிவாயிற்று. அதற்குக் ‘கள ஒலி’ என்று பெயர் வைத்தேன். திருட்டுக்கு எவ்வளவு அழகான பெயர்!

பாட்டு அவர் குரலில்தான் தொடங்கும். மழைச் சத்தம், கத்தி மரக்கட்டையில் விழும் சத்தம், பிறகு டிரம்ஸ். ‘எங்க ஓட்டு மட்டும் மணக்குதா’ என்பதைப் பல்லவியாக்கினோம். கடற்கரைச் சாலை இசை விழாவில் வாசித்தபோது கூட்டம் அந்த வரியைத் திருப்பிக் கத்தியது. வீடியோ போன் போனாகப் பரவியது. எதிர்க்கட்சி ஆள் ஒருவர் அந்த வரியை மட்டும் வெட்டி, ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஓடவிட்டார். “மச்சி, அரசியலுக்குள்ள பூந்துட்டோம்டா!” என்று டிரம்ஸ்காரன் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

பத்து நாள் கழித்து அக்கா தெருமுனையில் கூப்பிட்டார். பக்கத்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகளின் போனை என் பக்கம் நீட்டினார்.

“தம்பி, இது என் கொரல்தானே?”

நான் பூரித்துப்போனேன். “ஆமாக்கா! ஊரே கேக்குது!”

“எங்க ஊரும் கேட்டுது. அதான் இப்ப வெனயே.”

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் ஊரில் அரசியல்வாதியிடம் எதைக் கேட்பதென்றாலும் பஞ்சாயத்தார்தான் கேட்பார்கள். தனியாள் வாயைத் திறக்கக்கூடாது. பஞ்சாயத்தார் பல மாதமாக நடையாய் நடந்து, கூரைக்குச் சரி என்று வாங்கியிருந்தார்கள். பாட்டு வந்ததும் எம்.எல்.ஏ.வின் ஆட்கள், ‘உங்க ஊர்ப் பொம்பள எங்களத் திட்டிப் பாட்டு போட்டிருக்கா, கூரைய அந்தப் பாட்டுக்காரங்ககிட்டயே கேளுங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். ஞாயிறு பத்து மணிக்குக் கோயில் வாசலில் விசாரணை.

“பொம்பளைங்க அங்க பேச முடியாதுப்பா. எனக்குப் பேச ஆம்பள இல்ல. நீ வந்து, அக்காவுக்குத் தெரியாம நான்தான் புடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. இல்லன்னா வரிசைலேர்ந்து எழுப்பிடுவாங்க.”

“கண்டிப்பா வரேன்க்கா,” என்றேன். மகளின் போனில் என் நம்பரையும் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு அழைப்பு வந்தது. ஒயிட் டவுனில் குளிரூட்டிய அரங்கில் ‘இசையும் அரசியலும்’ கலந்துரையாடல், அதே ஞாயிறு, அதே பத்து மணி. பஞ்சாயத்து என்றைக்குச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறது? முதலில் பேசிவிட்டு வண்டியை விரட்டினால் போயிற்று என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொல்லும்போதே எனக்கு அது அசிங்கமாகப் பட்டிருக்கும்.

நன்றாகப் பேசினேன். அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. குரலற்றவர்களின் குரல் என்று வேறு சொன்னேன். பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். பார்வையாளர்களில் ஒரு அம்மா எழுந்து, “பாட்டில் வரும் அந்தப் பெண் என்ன நினைக்கிறார்?” என்று கேட்டார்.

“ரொம்பப் பெருமைப்படுகிறார்,” என்றேன்.

கைதட்டினார்கள்.

கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. யாருமில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

“நீதான் அந்தப் பாட்டுக்காரனா? உனக்காக அர மணி நேரம் நிறுத்தி வெச்சிருந்தாங்க. அந்தப் பொண்ணு ரோட்டையே பாத்துக்கினு நின்னுச்சு.”

மூன்று மாதம் அக்கா வரிசையில் உட்காரக்கூடாது என்று முடிவாகியிருந்தது.

வரிசை இல்லையென்றால் கூடையைச் சுமந்து தெருத்தெருவாக விற்க வேண்டியதுதான். நான்கு நாள் தேடி உப்பளத்தில் அவரைக் கண்டேன். கூடையை இறக்கிவைத்து, ஒரு வீட்டுச் சுவரோரம் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிச்சிடுங்கக்கா என்று ஆரம்பித்தேன்.

“எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? நான் பாடலன்னு எனக்குத் தெரியாதா? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு.”

அடுத்த ஞாயிறு பஞ்சாயத்து கூடுமுன், ஒன்பதரைக்கே கோயில் வாசலில் போய் நின்றேன். அக்கா வந்திருந்தார். மற்ற பெண்களோடு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். பக்கத்தில் அவர் கூடை. பஞ்சாயத்தார் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். கிளறிவிட்டுப் பேசவைத்தது நான், பதிவு செய்தது அவருக்குத் தெரியாது, பாட்டை எங்கள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

“ஆட்டோல ஓடிக்கினு இருக்குதே, அத எடுப்பியா?” என்றார் ஒருவர்.

“அது என் கையில இல்லங்க,” என்றேன்.

“சரி. போன வாரம் ஏன் வரல?”

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். வண்டி பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். “உங்க பிரச்சனையப் பத்தி ஒரு கூட்டத்துல பேசிகினு இருந்தேன்,” என்றேன்.

முதலில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். “எங்களப் பத்தி எங்ககிட்டயே பேச நேரமில்லயாப்பா ஒனக்கு?” என்றார் ஓரத்தில் இருந்தவர். சொன்னது சொன்னதுதான், மூன்று மாதம் கழியட்டும், இனி அந்தப் பெண்ணைக் குறை பேச வேண்டாம் என்று முடித்துக்கொண்டார்கள். கூரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெளியே வந்தேன். அக்கா சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறினால் மீன் தாங்காது. கூடையைத் தூக்கிவிட நான் குனிந்தேன்.

“இருப்பா,” என்று கையால் என்னை விலக்கிவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு வந்து ஒரு கை கொடுத்தாள். கூடை தலைக்கு ஏறியது. அக்கா என் பக்கம் திரும்பாமல் உப்பளம் போகும் சாலையில் நடந்தார்.