அக்காவின் ரீசைக்கிள் பின்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் நாய் பூனை ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவன்தான் வாடிக்கை. அங்கே யாருக்கும் அவன் பெயர் வாயில் வராது. "சிஸ்டத்துக்கு ஒரு போன் போடுங்க" என்பார் பெரிய டாக்டரம்மா. சிஸ்டமும் முதுகுப் பையில் கேபிள்களைத் திணித்துக்கொண்டு ஓடி வருவான்.

கைராசிக்காரன்தான். ஆனால் கையைவிட வாய் நீளம். ஓரிடத்தில் பார்த்ததை இன்னோரிடத்தில் போய்க் கதையாக அவிழ்த்துவிடுவான். மானிட்டரைத் துணியால் மூடிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டதாக நிம்மதியாகத் தூங்கப் போன பெரியவர். பாஸ்வேர்டை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டிய வக்கீல். ஆளுக்கொரு குரல் வைத்து அவன் நடித்துக் காட்டினால், டீ குடித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் புரையேறிவிடும். யாரையும் நோகடிக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவனுக்குக் கிடையாது. நாலு பேர் தன்னைப் பார்த்ததும் சிரிக்கத் தயாராவது அவனுக்குப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதை ஆன் செய்துவிட்டுக் குளித்து முடித்து வரலாம், அவ்வளவு வேகம். அதில் டாக்டரம்மாவுக்கு ஒரு அக்கவுண்ட், மருந்தறைக்கு ஒன்று, வரவேற்பு மேஜையில் உட்காரும் அக்காவுக்கு ஒன்று. எல்லாவற்றையும் அப்படியே அள்ளிக்கொண்டுபோய்ப் புதியதில் குடிவைக்க வேண்டும். அவன் எப்போதும் செய்வதுபோல, ஏற்றுவதற்கு முன் கழிவுகளைத் துடைத்தான். அக்காவின் அக்கவுண்டில், அழித்தவை போய்ச் சேரும் ரீசைக்கிள் பின் வயிறு முட்ட நிரம்பியிருந்தது. காலி செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. செய் என்று தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தான். அக்கா அப்போது எடை பார்க்கும் மேடையில் ஒரு நாயைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் அக்காவை உட்கார வைத்தான். பாஸ்வேர்டு போட்டதும் பழைய படமே திரையில் வந்தது. அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"அப்படியே கொண்டு வந்துட்டீங்களே தம்பி."

பிறகு அவர் நேராக ரீசைக்கிள் பின்னைத் திறந்தார். வெறுமையாக இருந்தது. மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தார்.

"தம்பி, இதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்க?"

"அது குப்பைக்கா. குப்பையை எதுக்குப் புது வீட்டுக்குத் தூக்கிட்டு வரணும்?"

"இல்ல தம்பி. நான் எல்லாத்தையும் அதுலதான் வச்சிருந்தேன்."

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் பிராணிகளின் சொந்தக்காரர்களுக்கு அக்கா தானே தட்டச்சு செய்து கொடுக்கும் சீட்டுகள் அவை. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. டாக்டரம்மா கடகடவென்று சொல்லிவிட்டுப் போவதை, பதற்றத்தில் நிற்பவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்திருந்தார். பூனைக்கு வேறு, முயலுக்கு வேறு, கால் ஒடிந்த நாய்க்கு வேறு.

"குப்பைத்தொட்டில போய் ஏன்க்கா வச்சீங்க?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு தடவை கை தவறி ஒண்ணு அழிஞ்சு போச்சு. எங்கெங்கயோ தேடினேன். பார்த்தா இதுக்குள்ள பத்திரமா இருந்துச்சு. தொலைஞ்சதெல்லாம் இங்கதானே வந்து சேருது, இங்கயே வச்சுட்டா எப்படித் தொலையும்னு நினைச்சேன் தம்பி. வேணும்கிறப்ப வெளியே இழுத்து பிரிண்ட் எடுத்துட்டு, திரும்ப உள்ளே போட்டுடுவேன்."

அவனுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "அழிச்சது அழிச்சதுதான்க்கா. இனிமே அங்க வைக்காதீங்க" என்றான்.

"என் தப்புதான் தம்பி" என்றார் அக்கா.

அங்கிருந்து நேராக மருந்தறைக்குத்தான் போனான். மருந்தாளரும் கட்டுப் போடும் பையன்களும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் கை வைத்து, அக்காவின் அதே தாழ்ந்த குரலில், "தொலைஞ்சதெல்லாம் இங்கதானே வந்து சேருது தம்பி" என்றான். மருந்தாளர் டீயை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். செய்தான்.

இரவு சாப்பாட்டின்போது மனைவியிடமும் அதையே நடித்துக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப அவங்க எழுதி வச்சதெல்லாம்?"

"போச்சு."

"ஒரு வார்த்தை கேட்டுட்டு அழிச்சிருக்கலாம்ல?"

"குப்பையைக் கேட்டுட்டா கொட்டுவாங்க?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளுக்கு இன்றைக்கு ஏதோ மனசு சரியில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சில நாள் கழித்துப் பிரிண்டரை இணைக்கப் போனபோதுதான், அக்காவின் காலடியில் இருந்த பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்ததைப் பார்த்தான். "முக்கியமான கோப்புகள்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் பக்கமாகப் போன கட்டுக்காரப் பையன், "அக்கா, என் வண்டிச் சாவியைக் காணோம், தொட்டில கிடக்கா பாருங்க" என்றான். அக்காவும் சிரித்தார். சிரித்துவிட்டு, உடனே கைக்குக் கிடைத்த எதையோ அடுக்க ஆரம்பித்தார்.

பிரிண்டருக்குப் பின்னால் குனிந்திருந்தவனிடம் அக்கா மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நானா? இல்லக்கா. நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

"அதானே. நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. நானே எங்கயாவது உளறியிருப்பேன்."

கேபிள் சரியாகத்தான் பொருந்தியிருந்தது. ஆனாலும் அதைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தான். அவ்வளவு சுலபமாகத் தன் வாயிலிருந்து அந்தப் பொய் வந்ததுதான் அவனை உலுக்கியது. அதைவிட, அக்கா அந்தப் பொய்யை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாரே, அது.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஆஸ்பத்திரியின் சாமான் அறையில்தான் கிடந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தான். விடுமுறை நாள் முழுவதும் அதோடு மல்லுக்கட்டினான். அழித்ததன் மேல் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால் மீட்டுவிடலாம். ஆனால் காலி செய்த பிறகு அவனே அதில் என்னென்னவோ செய்திருந்தான். சில சீட்டுகள் முழுசாக வந்தன. சில பாதியில் அறுந்து, கீழே எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக நின்றன. எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றையும் படிக்க வேண்டியிருந்தது.

"தையல் பிரிக்கும்வரை மாடிப்படி ஏறவிடாதீர்கள். கெஞ்சும். இரங்கிவிடாதீர்கள்" என்றது ஒன்று. பிழைக்காமல் போன பிராணிகளின் வீட்டாருக்கென்றே ஒன்று இருந்தது. "குழந்தைகளிடம் எங்கேயோ ஓடிப்போய்விட்டது என்று சொல்ல வேண்டாம். தேடிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் உட்கார வைத்து" என்று ஆரம்பித்த வரி, அதற்குமேல் கட்டங்களாகிவிட்டது. பக்கத்தில் உட்கார வைத்து என்ன சொல்ல வேண்டும் என்று அக்கா எழுதியிருந்தார் என்பது அவனுக்குக் கிடைக்கவே இல்லை. எந்தெந்த மென்பொருளையோ போட்டுப் பார்த்தான். மனைவி இரண்டொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மீட்ட சீட்டுகளைப் போட்ட பென் டிரைவை அக்காவின் மேஜையில் வைத்தான்.

"அக்கா, பாதிக்கு மேல கிடைச்சிருக்கு. மீதி வரல."

"அட, இதுக்குப் போய் சிரமப்பட்டீங்களா தம்பி?"

"அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன்கா. நான்தான் சொன்னேன்."

அக்கா பென் டிரைவைக் கையில் எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"தெரியும். மருந்தறைக்கும் எனக்கும் நடுவுல ஒரு பலகைதானே இருக்கு. என் குரல் மாதிரியேதான் பேசினீங்க. ரெண்டாவது தடவை இன்னும் நல்லா இருந்துச்சு."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்றைக்குக் கேட்டிருக்கிறார். நீயே சொல்லிவிடு என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

"கேட்காம அழிச்சதும் என் தப்புதான்கா. உங்க தப்பு இல்ல."

"சரிங்க சார்" என்றார் அக்கா. சத்தமில்லாமல், கோபமில்லாமல். அன்றோடு தம்பி போய் சார் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவனுக்கு மரியாதை கூடிவிட்டதாகத்தான் தெரியும்.

அந்த வேகத்தில் மருந்தறைக்குப் போய், நான் செய்தது கேவலமான வேலை, இனி அக்காவைக் கிண்டல் பண்ணாதீர்கள் என்றான். அவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் பாதிச் சிரிப்போடு அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருந்தார்கள். "அதையும் அந்தக் குரல்லயே சொல்லு சிஸ்டம்" என்றார் மருந்தாளர். அவன் விளையாடவில்லை என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொட்டியில் ஒட்டியிருந்த தாளை அவனே போய்க் கிழித்தான். பசை மட்டும் போகவில்லை.

மீட்ட சீட்டுகளை அக்கா மறுபடியும் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் எடுக்கவில்லை. டாக்டரம்மா எங்கிருந்தோ அச்சடித்த பொதுச் சீட்டு ஒன்றை வரவழைத்துவிட்டார். வழவழப்பான தாள், நாலு வண்ணம். முயலுக்கும் நாய்க்கும் ஒன்றே. அக்கா தானே டாக்டரம்மாவிடம் கேட்டு, ஆபரேஷன் முடிந்த பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் உள் அறைக்கு மாறிப் போனார். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. வரவேற்பு மேஜைக்கு ஒரு பெண் வந்தாள், எல்லாம் தெரிந்தவள். அவளுக்கு அவன் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பல மாதம் கழித்து அந்த உள் அறைக்கும் ஒரு இணைப்பு வேண்டுமென்று கூப்பிட்டார்கள். மேஜைக்கு அடியில் படுத்துச் சுவரோரமாகக் கேபிளை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு தகப்பனும் மகளும் பூனையை வாங்கிக்கொள்ள வந்தார்கள். தகப்பன் கையில் அந்த வழவழப்பான தாள் இருந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது கிடக்கட்டும். நான் சொல்றேன், கேளுங்க" என்றார் அக்கா. "ராத்திரி கத்தும். பசின்னு நினைச்சுப் பாலை வச்சுடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து தடவிக் குடுங்க, போதும். பாப்பா, நீதான் தடவிக் குடுக்கணும். காயத்துமேல கை படாம, தலையில மட்டும். எங்க, காட்டு பார்க்கலாம்."

மேஜைக்கு மேலே அந்தக் குழந்தை தடவிக் காட்டியிருக்க வேண்டும். பூனை ஒருமுறை மெலிதாகக் கத்திவிட்டு அடங்கியது. கேபிள் ஓட்டும் வேலை முடிந்துவிட்டிருந்தது. அவர்கள் கிளம்பி, அக்காவும் அடுத்த அறைக்குப் போகும்வரை அவன் மேஜைக்கு அடியிலேயே கிடந்தான்.