வெள்ளிக்கிழமை நெருப்பு

எழுபதுகளின் நடுவில், நாங்கள் குடிபெயர்ந்து வந்திருந்த டண்டினொங் நகரில் அம்மா காலமான வாரம், அவர் படத்தின் முன் எரிந்த விளக்கு காற்றில் அணைந்தது. திரிப்புகையின் மணம் என்னைச் சிறுவயதுப் பினாங்குக்குக் கொண்டுபோனது.

அங்கே யப்பானியர் ஆண்ட காலம். அம்மாவின் தோழி ராகேல் அன்ரி யூதப் பெண். அவரைப் பிடித்துச் செல்லாதிருக்க, சேலை உடுத்தி, பொட்டிட்டு, என் பெரியம்மா என்று சொல்லி வீட்டில் வைத்திருந்தோம். வெள்ளி பொழுதுபட்டபின் நெருப்பைத் தொடாத தம் சமய வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை.

அப்படியொரு வெள்ளி மாலை, குசினிக்குள் நுழைந்த படைவீரன் ஒருவன் சிகரெட்டை நீட்டி, கொளுத்தித் தரும்படி அன்ரிக்குச் சைகை காட்டினான். அவர் கை எழவில்லை. அவன் முகம் இறுகியது.

“அக்கா, இந்த வயசிலயும் நெருப்பெண்டால் பயமோ? தள்ளி நில்!” என்று ஏசியபடி அம்மா அடுப்புக் கொள்ளியை எடுத்து நீட்டினார். மொழி புரியாத அவன் ஏச்சின் தொனிக்குச் சிரித்து, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு போனான்.

டண்டினொங்கிலும் அன்று வெள்ளிதான், பொழுது பட்டிருந்தது. துக்கத்துக்கு வந்திருந்த ராகேல் அன்ரி நரைத்த தலையுடன் கதிரையிலிருந்து எழுந்தார்.

“தம்பி, நெருப்புப்பெட்டி எங்க?”

“நான் கொளுத்துறன், அன்ரி. இண்டைக்கு நீங்கள்…”

“தெரியும். தா.”

அம்மாவின் விளக்கை அவரே ஏற்றினார்.