லெச்சுமி இந்த நாட்டு ஆளான கதை

படிவம் நிரப்பிக் குடுக்கிற தொழிலில கை வலிக்கிறதை விட மனம் வலிக்கிறதுதான் கூட. கொட்டாஞ்சேனையில ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குள்ள மேசை போட்டுக் கனகாலம் இருந்தனான். பாஸ்போர்ட், விசா, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாத்துக்கும் என்ரை பேனைதான். சண்டைக் காலத்தில கொழும்பில இருந்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் ஒரு ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வரிசையில நிண்ட ஆக்கள்தானே.

கப்பல் நிண்டு போச்சு

லெச்சுமி பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில சமைக்கிறவ. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொண்டில பிறந்தவ, இந்தியாவைக் கண்ணாலையும் காணாதவ. ஆனால் கையில இருந்தது இந்தியப் பாஸ்போர்ட்! தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிற ஒப்பந்தத்தில தகப்பன் குடும்பத்தோட எழுதிக் குடுத்திருக்கிறார். பாஸ்போர்ட் வந்து சேர, சண்டை தொடங்கிக் கப்பல் நிண்டு போச்சு.

பிறகு இங்கத்தைக் குடியுரிமை உள்ள ஒருத்தரைக் கட்டி, ஒரு மகளும் பிறந்திட்டுது. புருசனும் செத்துப் போனார். மகள் இந்த நாட்டாள், தாய் வெளிநாட்டாள். தாய்க்கு விசா முடிஞ்சும் எத்தினையோ வருசம். முதல் நாள் என்ரை மேசைக்கு வந்து, இருக்கவும் மாட்டன் எண்டு நிண்டபடிதான் கேட்டவ: "கப்பல் மறுபடி ஓடுனா என்னைய மட்டும் ஏத்தி விட்டுருவாங்களா மிஸ்? புள்ள பரீட்சை எழுதப் போவுது."

பிளாஸ்டிக் போட்ட பாவம்

சோதனைச் சாவடியளில எடுத்து எடுத்துக் காட்டி, அவவின்ரை பழைய விசாக் கடிதம் மடிப்பு மடிப்பாக் கிழியத் தொடங்கிச்சு. "லாமினேட் பண்ணி வையுங்கோ, லெச்சுமி" எண்டு சொன்னது நான்தான். கடை மெஷினில விட்டுக் குடுத்ததும் நான்தான். எங்கட சனத்துக்கு அது ஒரு பழக்கம், பிறப்புச் சான்றிதழைக் கண்டால் உடனே பிளாஸ்டிக் போடோணும்.

கொஞ்சக் காலத்தில சண்டை ஓய்ஞ்சு, சட்டமும் மாறிச்சு. கப்பல் ஏறாமல் தங்கினவையும் எழுதிக் குடுத்தால் இங்கத்தைப் பிரசை ஆகலாமாம். நான் துள்ளிக் குதிச்சுக்கொண்டு அவவைப் பிரசாவுரிமைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனன். மூலக் கடிதத்தின்ரை பின்பக்கத்தில முத்திரை குத்தோணும் எண்டு கிளாக்கர் வாங்கினார். பிளாஸ்டிக்கில மை பிடிக்குமே? ரெண்டு தரம் குத்தினார், ரெண்டு தரமும் வழுக்கிப் போச்சு. எனக்கு வெக்கத்தில முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை. அந்தச் சிங்கள மனிசன் தெரிஞ்ச தமிழில சொன்னார்: "நோனா, கடதாசி நல்லா காப்பாத்தி இருக்கு. ஆளை எப்பிடி காப்பாத்துறது?"

தகப்பன் தந்த புத்தகம்

நல்ல மனிசன். சமாதான நீதவானிட்டச் சத்தியக் கடதாசி ஒண்டு எடுத்து வந்தால் போதும் எண்டு வழியும் சொல்லித் தந்தார். அதையும் குடுத்தாச்சு. கடைசியா, இந்தியக் குடியுரிமை வேண்டாம் எண்டு கையெழுத்து வைச்சு, பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்கோணும்.

லெச்சுமி பேனையை வாங்கிப்போட்டு அப்பிடியே இருந்திட்டா. காலாவதியான புத்தகம்தானே, குடுத்திட்டு வாங்கோ எண்டு நான் அவசரப்படுத்தினன். அவசரப்படுத்தியிருக்கக் கூடாது, இண்டைக்கும் எனக்கு அது கவலைதான். அவ அதைச் சீலைத் தலைப்பால துடைச்சுத் துடைச்சுச் சொன்னா: "எங்கப்பா இதுக்காக எத்தன வாட்டி கண்டி இந்தியா ஆபீசுக்கு அலைஞ்சாரு தெரியுமா மிஸ்? பத்திரமா வச்சுக்கம்மான்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாரு."

புது அட்டை

பிரசாவுரிமைப் பத்திரம் வந்தது, பிறகு அடையாள அட்டையும் வந்தது. லெச்சுமி கடை முழுக்கக் கேசரி குடுத்தா. அதுக்குள்ள திரும்பவும் சண்டை தொடங்கி, கொட்டாஞ்சேனையில வீடு வீடாப் பொலிசின்ரை சுற்றிவளைப்பு. ஒரு நாள் காலமை மகள் அழுதுகொண்டு ஓடி வந்தாள், "அம்மாவ ஏத்திக்கிட்டுப் போய்ட்டாங்க மிஸ்!" எண்டு.

பொலிசில, வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு குடுத்த பதிவைப் பாத்த பிறகுதான் எனக்கு விளங்கிச்சு. அதில லெச்சுமியின்ரை பேருக்கு நேர பழைய பாஸ்போர்ட் நம்பர்தான் இருந்தது, புது அட்டையோட பொருந்தேல்லை. அட்டை வந்த கையோட அதை மாத்தியிருக்கோணும். ஊருக்கெல்லாம் பதிவு எழுதிக் குடுக்கிற நான், இதை மறந்துபோனன். முந்தியெண்டால் பாஸ்போர்ட்டைக் காட்ட, "ஆ, இந்தியா" எண்டு விட்டிடுவாங்கள். இப்ப அதுவும் கையில இல்லை. புதுப் படிவம் எழுதி, சாப்பாட்டுக் கடை முதலாளியையும் கூட்டி வந்து, பின்னேரம்தான் ஆளை வெளியில எடுத்தம்.

வாசலில வைச்சு "என்ரை பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டன். அவ மகளின்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு சொன்னா: "வெளிநாட்டுக்காரியா இருந்தப்ப ஒரு நாளும் புடிக்கல மிஸ். இந்த நாட்டுக்காரி ஆனதும் புடிச்சிட்டாங்களே."

எவ்வளவு திருத்தமா நிரப்பினாலும், நாளைக்கு அவங்கள் கேள்வியை மாத்தினால் என்ன செய்யிறதெண்டு எழுத எந்தப் படிவத்திலயும் ஒரு கோடு விட்டு நான் காணேல்லை.