திரையைப் பார்க்காதவர்

தேனியில் நான் வேலை பார்க்கும் கருத்தரிப்பு மையத்துக்கு, கர்ப்பப்பை எடுக்கப்பட்ட தன் நாத்தனாருக்காக வாடகைத்தாயாக வந்தவர் அவர். ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். உயரமானவர், இரண்டு பக்கமும் மூக்குத்தி, பதறாத குரல். உடல் பரிசோதனை, மனநல ஆலோசனை, நீதிமன்ற உத்தரவு, ஊசிகள், பிறகு அந்தத் தம்பதியின் கருவை இவர் கர்ப்பப்பையில் வைப்பது என்று நான் வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்.

முதல் முறை கரு தங்கவில்லை. மறுபடி வைத்தோம். இதயத்துடிப்பு வந்துவிட்டதா என்று டாக்டர் ஸ்கேன் செய்த அன்று, அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“துடிக்குது, பாருங்கக்கா” என்றேன்.

“அவ பாக்கட்டும் தங்கச்சி. எம்பிள்ளைகள நாந்தான மொதல்ல பாத்தேன்.”

நாத்தனார் அழுதுகொண்டே, “மதினி, நீங்களும் பாருங்க” என்றாள்.

“அழுதுக்கிட்டே பாத்தா என்னத்தா தெரியும்? கண்ணத் தொடச்சுட்டுப் பாரு. எனக்குப் பசிக்குது” என்று சிரித்தார்.

அதன்பின் எந்த ஸ்கேனிலும் அவர் திரையைப் பார்க்கவில்லை. நாத்தனாருக்காக விட்டுக்கொடுத்தாரா, தன் மனம் ஒட்டிக்கொள்ளாதபடி வேலி போட்டுக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. வேலிதான் என்றால், அதற்குள் நின்றுகொண்டு அவர் எப்படி அவ்வளவு இயல்பாகச் சிரித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு.