சங்கு போல இரைந்த நெஞ்சு

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடி மாட்டாஸ்பத்திரியில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில், சங்கு குளிக்கிற சேவியர் அண்ணாச்சியும் அவர் சம்சாரம் ரோஸம்மாளும் ஒரு பெட்டை நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். விளையாடிக்கொண்டே இருந்தது பொத்தென்று விழுந்துவிட்டதாம்.

மேஜையில் வைத்துப் பிடித்தேன். இடது முன்னங்காலின் பின்னால் என் கை பட்டதும் திக்கென்றது. உள்ளே போட் எஞ்சின் ஓடுவது போல விடாமல் அதிர்ந்தது.

“அது நல்ல சகுனம்லா,” என்றார் அண்ணாச்சி. “நல்ல சங்கைக் காதுல வச்சா இரையும் பாத்தியா, அப்படி. கூடப் பொறந்ததுல இது ஒண்ணுதான் இரைஞ்சுது. அதான் பொறுக்கி எடுத்தேன்.”

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“அது சீக்கு, சேவியர். தாய் வயித்துல குட்டி மூச்சு விடாது. அதனால நுரையீரலுக்குப் போற ரத்தத்தைத் திருப்பிவிட இதயத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னக் குழாய் இருக்கும். பிறந்ததும் தானா மூடிக்கும். இதுக்கு மூடல. அது வழியா ரத்தம் பாயுற இரைச்சல்தான் இது.”

அண்ணாச்சி குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மருந்து இல்லையா ஐயா?”

“மாத்திரை கொடுத்தா மூச்சிரைப்பு கொஞ்ச நாள் அடங்கும். குழாய் மூடாது. இப்படியே விட்டா ஒரு வருசம் தாண்டுறது கஷ்டம். சென்னையில விலாவைத் திறந்து, அந்தக் குழாயைப் பட்டு நூலால கட்டுறாங்க. கட்டும்போதே உயிர் போனாலும் போகும்.”

நெஞ்சைத் திறப்பதா? நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

“நாய்க்கு ஆபரேசனா? ஊரு சிரிக்கும்,” என்றாள் ரோஸம்மாள்.

“ஏளா, மேல படகுல உன் தம்பி கயித்தைப் பிடிச்சிருக்கான்னு நம்பித்தானே நான் முங்குதேன்? இதுவும் ஒரு நூலை நம்பிக் கெடக்கட்டும்.”

ரயிலேறிப் போனார். ஆபரேசன் முடிந்து, சில வாரம் கழித்துக் குட்டியோடு திரும்பியும் வந்தார்.

மறுநாள் ரோஸம்மாள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். கையில் குட்டி அசையாமல் கிடந்தது.

“இரைச்சல் நின்னுபோச்சு ஐயா. கை வச்சுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல.”

நானும் அதே இடத்தில் கை வைத்தேன். அதிர்வே இல்லை. “மாதாவே!” என்று டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் கேட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை அவள் காதில் மாட்டினார். “தூங்குது. இப்பதாம்மா சரியா அடிக்குது. கேளு.”

கேட்டபடி வெகுநேரம் நின்றாள். “ஒரு உசிரு இம்புட்டு அமைதியாவா இருக்கும்?” என்றாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். குட்டியைத் தூக்கினால் முதலில் நெஞ்சில் கை வையுங்கள். உள்ளே எதுவும் இரையாவிட்டால், ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தடுப்பூசியை எடுங்கள்.