வரிக்கு வரி ஆம்

கீரமங்கலத்துப் பூ கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் கணவர் கல்ஃபில் முதுகில் அடிபட்டுத் திரும்பிய பிறகு அந்தச் சம்பளம் போதவில்லை. புதுக்கோட்டையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி ஆள் கேட்டிருந்தது. தன்னைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும், பிடித்தால்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான்.

எழுதிவிட்டேன். அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டே அவர் படிக்கச் சொன்னார். ஐ ஆம் ஹார்ட் ஒர்க்கர். ஐ ஆம் ஹேண்டில் அக்கவுண்ட்ஸ். ஐ ஆம் டாக் டு கஸ்டமர்ஸ்.

"என்ன புள்ள, வரிக்கு வரி ஆம் ஆம்னு மொதலாளிக்குத் தலையாட்டுற?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஒங்களுக்கு எல்லாம் கேலிதான். ஆம் இல்லாம இங்கிலீஷு ஏதுங்க?"

"அந்த ஆமையத் தூக்கி அங்கிட்டுப் போட்டுப் பாரு, வரி ஓடுதா இல்லையான்னு."

வீம்புக்குத்தான் அடித்தேன். ஐ ஹேண்டில் அக்கவுண்ட்ஸ். அட! தப்பும் போயிற்று, வரியும் நிமிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுக் கத்திய பழக்கத்தில் 'ஐ' வந்தாலே 'ஆம்' ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. தமிழில் யாராவது 'நான் கணக்கராக இருக்கிறேன்' என்று சொல்வார்களா? கணக்குப் பார்க்கிறேன் என்போம். அப்புறம் கை நிற்கவில்லை. 'ஐ வாஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் பர்ச்சேஸ்' என்றிருந்ததை பூ வாங்கினேன் என்று 'ஐ பாட் ஃப்ளவர்ஸ்' ஆக்கினேன். ஹார்ட் ஒர்க்கரை எடுத்துவிட்டு, விடியுமுன் கடை திறப்பதை எழுதினேன். ஊர் சொல்லும் வரியில் மட்டும் ஆம் இருக்கட்டும் என்று விட்டேன். அங்கே அது வேண்டும்.

அடுத்தது குடும்பம். 'மை ஹஸ்பெண்ட் இஸ் இன் கல்ஃப்.' அவர் வீட்டோடு வந்து ஒரு வருஷம் ஆகியும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். படிக்காமல் தாண்டப் பார்த்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பின்ன, வேலையில்லாம இருக்காருன்னா எழுதச் சொல்றீங்க?"

"எங்க இருக்கேன், எப்படி இருக்கேன்னு ஏன் எழுதணும்? என்ன செய்றேனோ அத எழுது."

அவரே பேனாவை வாங்கி 'இஸ் இன் கல்ஃப்' என்பதை அடித்துவிட்டு மேலே ஒரு சொல் எழுதினார்: குக்ஸ்.

அப்படியே அனுப்பினேன். கூப்பிட்டார்கள். இப்போது அங்கேதான் வேலை. மதியச் சோறு அவர் கட்டிக் கொடுக்கிறார்.